படக்குறிப்பைக் கடைசியில் படியுங்கள்: பழைய பிரிட்டிஷ் விமானப் படங்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் படம் ஒன்று கைக்குக் கிடைக்கிறது. கீழே "பிரிட்டன் வான்போர், 1940 கோடை" என்று போட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வாலுக்குச் சற்று முன்னால் உடலைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று தெரிகிறது. அப்படியானால் அது 1940 கோடையில் எடுத்த படம் இல்லை. பகலில் பறக்கும் சண்டை விமானங்களுக்கு அந்தப் பட்டையைப் பூசத் தொடங்கியதே 1940 நவம்பர் கடைசியில்தான். வான்போர் அக்டோபரோடு முடிந்துவிட்டது.

இந்த வழிகாட்டி சொல்ல வருவது இந்த ஒரு பழக்கத்தைத்தான். படக்குறிப்பு பெரும்பாலும் பிற்பாடு யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதியது. விமானத்தின் மேல் இருக்கும் பெயிண்ட் அன்றைய உத்தரவுப்படி அன்று பூசியது. இரண்டும் முரண்பட்டால் பெயிண்ட் சொல்வதை நம்புங்கள். சுமார் 1935 முதல் 1960 வரையிலான பிரிட்டிஷ் ராணுவ, பயணிகள் விமானப் படங்களை எந்த வரிசையில் பார்த்தால் குழப்பம் குறையும் என்று கீழே சொல்கிறேன். புதிதாக வருகிறவர் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

நல்ல பிரதியை முதலில் பிடியுங்கள்

சமூக ஊடகத்தில் சுற்றும் பிரதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலு முறை சுருக்கி, ஓரம் வெட்டி, மாறுபாட்டைக் கூட்டிய படமாக இருக்கும். ஓரத்தில்தான் பல சமயம் வாலின் எண்ணும் பின்னணிக் கொட்டகையும் இருக்கும். மூலத்துக்குப் போங்கள். பிரிட்டனின் இம்பீரியல் வார் மியூசியம் தன் இணையதளத்தில் போர்க்காலத்து அரசுப் படங்களைப் பெருமளவில் ஏற்றி வைத்திருக்கிறது. அங்கே படத்தின் எண்ணே ஒரு தகவல். சிஹெச் என்று தொடங்கினால் பிரிட்டனுக்குள் விமான அமைச்சகத்தின் புகைப்படக்காரர்கள் எடுத்தது. சிஎம் என்றால் மத்தியக் கிழக்கு, மத்தியதரைக்கடல் பகுதி. சிஎல் என்றால் 1944-க்குப் பிந்தைய மேற்கு ஐரோப்பா. லண்டன் ஹெண்டனில் இருக்கும் ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) மியூசியத்தில், அந்தக் காலத்து விமானப் புகைப்படக் கலையில் பெரிய பெயரான சார்லஸ் பிரவுனின் தொகுப்பு இருக்கிறது. வானத்திலிருந்து நேர் கீழாக எடுத்த உளவுப் படங்கள் வேண்டுமென்றால் எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பு. அது தனி உலகம், இங்கே தொடவில்லை.

இரண்டு வகைப் பிரதிகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று, பின்னாளில் வண்ணம் சேர்த்தது. வண்ணம் சேர்த்தவருக்கு அது பச்சையா சாம்பலா என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பார்க்கிற நமக்கோ அது சாட்சி போலத் தோன்றிவிடும். இன்னொன்று, கணினி தானாகத் தெளிவாக்கியது. மங்கிய எழுத்தை அது வாசிப்பதில்லை, தோராயமாக வரைகிறது. 8 இருந்த இடத்தில் 3 வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஒரு இலக்கம் மாறினாலே நீங்கள் வேறொரு விமானத்தின் கதையை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபிலிம் என்ன வகை?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்தக் காலத்தில் இரண்டு வகைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிக நன்றாகத் தெரியும். ஆகவே சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும், மஞ்சளும் எதிர்பாராத அளவுக்கு இருண்டுவிடும். பான்குரோமேட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய நம் கண் பார்க்கிற விகிதத்தில் பதியும். அதில் மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு-வெள்ளை-நீல வட்டச் சின்னத்தைப் பாருங்கள். இதை ரவுண்டல் என்பார்கள். நடுச் சிவப்பு கரேலென்றும் நீல வளையம் வெளிர் சாம்பலாகவும் இருந்தால் ஆர்த்தோ. இரண்டும் ஏறக்குறைய ஒரே கருமையில் இருந்தால் பான். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போனால், வட்டத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையத்தை "கறுப்பு வளையம்" என்று எழுதி வைப்பீர்கள். மஞ்சள் பூசிய பயிற்சி விமானம் இருண்ட நிறத்தில் தெரிவதைப் பார்த்து இரவுக் குண்டுவீச்சு விமானம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவை மறுபக்கமாகத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடது வலதாகிவிடும். எழுத்துகள் தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாவிட்டால் வேறு அடையாளங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சின்னக் கதவு இடப்பக்கம். ஆர்ஏஎஃப் விமானியின் சிறகு முத்திரை இடது மார்பில். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் போட்டிருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

எழுத்துகளும் எண்களும்

ராணுவ விமானத்தில் இரண்டு விதமான எழுத்துகள் இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

பெரிய எழுத்துகள் ரவுண்டலின் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் இரண்டு எழுத்து, அது ஸ்குவாட்ரனின், அதாவது விமானப்படைப் பிரிவின், குறி. மறுபக்கம் ஒரே எழுத்து, அந்த ஸ்குவாட்ரனுக்குள் அந்த விமானத்தின் குறி. ஆர்எஃப் என்றால் போலந்து விமானிகளின் 303-ஆம் ஸ்குவாட்ரன். ஏஜே என்றால் 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைத்த 617-ஆம் ஸ்குவாட்ரன். அதன் தலைவர் கை கிப்சன் ஓட்டிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான லான்காஸ்டரின் குறி ஏஜே-ஜி. ஆனால் இந்தக் குறிகள் நிரந்தரம் இல்லை. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றினார்கள். 617-ஆம் ஸ்குவாட்ரனே பிற்பாடு கேசி என்றும், பத்து டன் குண்டு சுமந்த சிறப்பு லான்காஸ்டர்களுக்கு ஒய்இசட் என்றும் குறி போட்டது. ஆகவே குறியை வைத்து ஸ்குவாட்ரனைத் தேடும்போது, எந்த ஆண்டுக்கான பட்டியல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன எழுத்தும் எண்ணும் சேர்ந்தது வாலுக்கு முன்னால், உடலின் பின்பகுதியில் இருக்கும். அதுதான் சீரியல் எண். தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்டது கடைசிவரை மாறாது. ஹெண்டன் மியூசியத்தில் நிற்கும் லான்காஸ்டரின் சீரியல் ஆர்5868. 83-ஆம் ஸ்குவாட்ரனில் அது ஓஎல்-கியூ, ஆஸ்திரேலியர்களின் 467-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனதும் பிஓ-எஸ். பெரிய எழுத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு விமானம், சீரியலைப் பார்க்கிறவருக்கு ஒன்று.

சீரியல் வரிசையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும். 1936 மார்ச் 5-ஆம் தேதி முதலில் பறந்த ஸ்பிட்ஃபயரின் முன்மாதிரி கே5054. அகரவரிசை இசட் வரை தீர்ந்ததும், 1940 முதல் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். ஒன்றை மறக்க வேண்டாம்: அது விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த காலத்தைத்தான் காட்டும், படம் எடுத்த காலத்தை அல்ல. எண்களை எண்ணி எத்தனை விமானம் கட்டினார்கள் என்று கணக்குப் போடவும் கூடாது. எதிரி அப்படிக் கணக்குப் போடுவான் என்றுதான் நடுநடுவே எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

சீரியலுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஜி என்று இருந்தால் கண்ணை அகலத் திறந்து பாருங்கள். ரகசியக் கருவி உள்ள விமானம், தரையில் நிற்கும் நேரமெல்லாம் காவல் வேண்டும் என்று பொருள். அணை உடைத்த லான்காஸ்டர்களில் இது உண்டு, கிப்சனுடையது ஈடி932/ஜி. 1941 மே 15 அன்று கிரான்வெல்லில் பறந்த பிரிட்டனின் முதல் ஜெட் விமானம் டபிள்யூ4041/ஜி. வட்டத்துக்குள் பி என்ற எழுத்து இருந்தால் அது முன்மாதிரி விமானம்.

எழுத்தே இல்லாமல், அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்தால்? தணிக்கை. போர்க்காலத்தில் பத்திரிகைக்குப் போகும் முன் ஸ்குவாட்ரன் குறி, சீரியல், ரேடார் ஆன்டெனா, பின்னணியில் தெரியும் கோபுரம் எல்லாவற்றையும் தூரிகையால் அழித்துவிடுவார்கள். இரவில் வேட்டையாடிய பியூஃபைட்டரின் மூக்கில் அம்பு வடிவத்தில் ஒரு ஆன்டெனா இருக்கும். அது இல்லாத படம் கிடைத்தால் ஆன்டெனாவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில சமயம் அதே படத்தின் அழிக்காத பிரதியும் காப்பகத்தில் இருக்கும்.

வட்டமும் பட்டையும்

காலம் கணிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

உடல் பக்கவாட்டில் இருக்கும் ரவுண்டலைச் சுற்றித் தடித்த மஞ்சள் வளையம், உள்ளே சம அகலத்தில் நீலமும் வெள்ளையும் இருந்தால் 1940 மே முதல் 1942 நடுப்பகுதி வரை. (போருக்கு முன்பும் மஞ்சள் வளையம் கொஞ்ச காலம் இருந்தது. அப்போது வாலில் மூவண்ணப் பட்டை கிடையாது, அதை வைத்துப் பிரித்துவிடலாம்.) மஞ்சளும் வெள்ளையும் கோடு போல மெலிந்துவிட்டால் 1942 நடுப்பகுதிக்குப் பிறகு. மஞ்சளே போய், மூன்று நிறமும் பளிச்சென்று சரிசமமான அகலத்தில் இருந்தால் 1947-க்குப் பிறகு. இறக்கையின் மேல்பரப்பில் போர்க்காலம் முழுக்கப் பெரும்பாலும் சிவப்பும் நீலமும் மட்டும்தான், வெள்ளை இருக்காது. மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்பதால்.

வாலின் செங்குத்துத் துடுப்பில் உள்ள மூவண்ணப் பட்டை 1940 மே மாதம், பிரான்சில் சண்டை நடந்தபோது வந்தது. 1942-க்குப் பிறகு அதிலும் நடு வெள்ளை மெலிந்துவிட்டது.

சண்டை விமானத்தின் அடிப்பாகம் தெரிகிற படம் அதிர்ஷ்டம். இடது இறக்கை கறுப்பு, வலது வெள்ளை என்று பாதிப் பாதியாக இருந்தால் 1940 ஜூனுக்கு முன். நம் ஆள்தான் என்று தரையில் இருக்கும் பீரங்கிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு. ஜூனில் அடிப்பாகம் முழுக்க ஸ்கை எனப்படும் வெளிர் நிறத்துக்கு மாறினார்கள். பிறகு நவம்பர் கடைசியில் இடது இறக்கைக்கு மட்டும் மறுபடி கறுப்பு, அதுவும் 1941 வசந்தம் வரை. ஆகவே கறுப்பைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். மறுபக்கம் வெள்ளையா ஸ்கையா என்று பாருங்கள்.

மேல்பாகம் 1941 ஆகஸ்டு வரை பச்சையும் மண் பழுப்பும், அதன் பிறகு பச்சையும் சாம்பலும். கறுப்பு-வெள்ளையில் பழுப்பும் சாம்பலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் சாம்பல் வந்த அதே சமயம் இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் கோடும் வந்தது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கறுப்பு-வெள்ளைப் பட்டைகள் இறக்கையையும் உடலையும் சுற்றி இருந்தால் எல்லோரும் சொல்வது, 1944 ஜூன், நார்மண்டி படையிறக்கம். பெரும்பாலும் சரி. படையிறக்கத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில், பல இடங்களில் சாதாரண பிரஷ்ஷை வைத்து அவசரமாகப் பூசியது. கோணல்மாணலாக இருந்தால் அதுவே முதல் நாட்களின் அடையாளம். கொஞ்ச வாரத்தில் மேல்பக்கப் பட்டைகளை அழித்தார்கள், ஆண்டு முடிவதற்குள் அடிப்பக்கமும் போய்விட்டது. நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கு இந்தப் பட்டை கிடையாது. ஆனால் ஒரு பொறி உண்டு. பிரிட்டிஷ் சண்டை விமானமான டைஃபூனை ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 என்று நினைத்து நம் பக்கத்தவர்களே சுட்டுவிடுவதால், 1942 கடைசியிலிருந்தே அதன் இறக்கைக்கு அடியில் மட்டும் கறுப்பு-வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். டைஃபூனில் உடலைச் சுற்றிப் பட்டை இல்லாமல் இறக்கைக்கு அடியில் மட்டும் இருந்தால் அது நார்மண்டிக்கு முந்தைய படமாக இருக்க நிறைய வாய்ப்பு.

எந்த விமானம்?

இதை ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள், கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். மேலே சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்ட பிறகு பெயருக்கு வாருங்கள்.

ஸ்பிட்ஃபயரா ஹரிகேனா என்பது முதல் பரீட்சை. ஹரிகேனின் முதுகு கூன் விழுந்தது, இறக்கை தடிப்பு, ரேடியேட்டர் உடலின் அடியில் நடுவில் தொங்கும், பின்னுடல் துணி போர்த்தியது என்பதால் நீளவாக்கில் விலா எலும்பு போலக் கோடுகள் தெரியும். ஸ்பிட்ஃபயரின் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில், சக்கரக் கால்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, குறுகலாக நிற்கும். ஸ்பிட்ஃபயரிலேயே எந்த வகை என்று அறிய அடிப்பாகம் பாருங்கள். வலது இறக்கைக்கு அடியில் பெரிய பெட்டி, இடதில் ஒல்லியான எண்ணெய்க் குளிர்ப்பான் என்றால் முதல் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்குள். இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டியும் நான்கு அலகு புரொப்பெல்லரும் இருந்தால் ஒன்பதாம் வகையாக இருக்கலாம். ஐந்து அலகு என்றால் கிரிஃபன் எஞ்சின் வைத்த பதினான்காம் வகை அல்லது அதற்கும் பிந்தியது. இரண்டே அலகு கொண்ட மர புரொப்பெல்லரா, 1938-39 காலத்து ஆரம்ப விமானம்.

நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களில் ஒற்றை வால் துடுப்பும், பந்தலுக்கு நட்ட கம்பம் போல உயர்ந்த சக்கரக் கால்களும் இருந்தால் ஸ்டெர்லிங். லான்காஸ்டருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் இரட்டை வால். லான்காஸ்டரின் துடுப்பு நீள்வட்டம், ஹாலிஃபாக்ஸில் ஆரம்பத்தில் முக்கோணம், பிறகு செவ்வகம். போர் முடிந்ததும் லான்காஸ்டர் குடும்பம் பெருகியது. துப்பாக்கிக் கூண்டு இருந்த மூக்கை மூடி, பயணிகளை ஏற்றினால் லான்காஸ்ட்ரியன். அதே இறக்கையை மேலே தூக்கிப் பெட்டி போன்ற உடலையும் மூன்று வால் துடுப்புகளையும் சேர்த்தால் யார்க். விமான நிறுவனத்தின் பெயர் எழுதிய "லான்காஸ்டர்" படம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

ஜெட் காலம் சுலபம். இரட்டை வால்தண்டு வேம்பயர், இறக்கையில் இரண்டு தடித்த எஞ்சின் மீட்டியர், முக்கோண இறக்கை வல்கன், பிறை போன்ற இறக்கை விக்டர். 1950-களின் கடைசியில் அணுகுண்டு விமானங்கள் முழு வெள்ளையில், ரவுண்டல்கூட வெளுத்துப்போன நிறத்தில் இருக்கும். அணு வெடிப்பின் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதற்காக.

பயணிகள் விமானங்கள்

இங்கே வேலை எளிது, ஏனென்றால் பதிவெழுத்தே காலண்டர். பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தின் பதிவு ஜி என்று தொடங்கி, அதன் பின்னால் நான்கு எழுத்து கொண்டிருக்கும். ஏஏஏஏ என்ற வரிசை 1928-இல் ஆரம்பித்தது. அந்த நான்கில் முதல் இரண்டு எழுத்து ஏஎஃப் என்றால் போருக்கு முந்தைய கடைசி ஆண்டுகள், ஏஜி பெரும்பாலும் போர்க்காலம், ஏஹெச் 1946 வாக்கில், ஏஎல் 1940-களின் கடைசி, ஏபி 1950-களின் கடைசி. இந்தியாவில் பதிவானது விடி என்று தொடங்கும். பதிவெழுத்து தெரிந்தால் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஜி-இன்ஃபோ தளத்தில் தேடுங்கள். பழைய பதிவேட்டுப் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் யார், எப்போது பதிவு நீக்கினார்கள் என்பதெல்லாம் கையெழுத்தில் இருக்கும். இவ்வளவு உபயோகமான ஒரு இலவச வசதி இந்தத் துறையில் வேறு இல்லை என்பது என் கருத்து.

பயணிகள் விமானம் மறைப்பு வண்ணத்தில் இருந்து, பதிவெழுத்துக்கு அடியில் சிவப்பு-வெள்ளை-நீலக் கோடு இழுத்திருந்தால் அது போர்க்காலப் படம். நிறுவனப் பெயரும் உதவும். இம்பீரியல் ஏர்வேஸ் 1924 முதல் இயங்கியது. அதன் இடத்தில் அரசு விமான நிறுவனமான பிஓஏசி வேலையைத் தொடங்கியது 1940 ஏப்ரலில். ஐரோப்பிய வழித்தடங்களுக்கான அரசு நிறுவனம் பிஇஏ 1946 ஆகஸ்டில். பிஇஏ என்று எழுதிய விமானத்துக்கு 1945 என்று தேதி போட்டிருந்தால் எங்கோ தவறு.

ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் படங்களுக்கு ஜன்னல்தான் சாவி. ஜி-ஏஎல்ஒய்பி என்ற காமெட் 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை அது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே அதே விமானம் நடுவானில் சிதறியது. ஏப்ரலில் இன்னொன்றும் போனது. ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, உடல் உலோகம் களைத்து விரிசல் விடுவது வெளிப்பட்டது. முதல் காமெட்டில் ஜன்னல் சதுரம் போல, மூலை மட்டும் வளைந்திருக்கும். 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடந்த காமெட் 4-இல் ஜன்னல் வட்டவடிவம், உடலும் நீளம். விமானம் தூரத்தில் இருந்தாலும் இது தெரியும்.

தமிழகத்திலும் இலங்கையிலும் எடுத்த படங்கள்

தென்கிழக்கு ஆசியப் போர்முனை விமானங்களில் 1943 வாக்கிலிருந்து ரவுண்டலில் சிவப்பே இருக்காது. ஜப்பானியச் சின்னம் சிவப்பு வட்டம் என்பதால் எடுத்துவிட்டார்கள். நீலமும் வெள்ளையும், அல்லது கருநீலமும் வெளிர்நீலமும்தான். இந்தச் சின்னத்தோடு ஒரு ஹரிகேன் அல்லது கேட்டலினா தெரிந்தால் இந்தியா, இலங்கை, பர்மா என்று தேடத் தொடங்கலாம். கேட்டலினா தண்ணீரில் இறங்கும் விமானம், அமெரிக்கா கட்டியது, ஆனால் ஆர்ஏஎஃப் பறக்கவிட்டது. சென்னைக்கு வடக்கே செங்குன்றம் ஏரியில் 240-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் இறங்கி ஏறின. இலங்கையில் காலிக்கு அருகே கொக்கலை, திருகோணமலையில் சீனன்குடா, கொழும்புக்கு இரத்மலானை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்தவற்றில் இரத்மலானை ஹரிகேன்களும் இருந்தன. அந்தத் தேதியில் எடுத்ததாகச் சொல்லும் படத்தில் சிவப்பில்லாத ரவுண்டல் இருந்தால் தேதி தப்பு. புத்தளம் கடற்படை விமானத் தளத்தில் யானை ஒன்று கோர்செய்ர் விமானத்தை இழுக்கும் படமும் காப்பகத்தில் உண்டு, பார்க்காமல் விடாதீர்கள். தேடும்போது அன்றைய பெயர்களைப் போடுங்கள்: சிலோன், மெட்ராஸ், ரெட் ஹில்ஸ், சைனா பே. இன்றைய பெயரில் தேடினால் எதுவும் வராது.

பயணிகள் பக்கம், 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கிய டாட்டாவின் கராச்சி-மெட்ராஸ் தபால் சேவைக்குப் பறந்தது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கட்டிய பஸ் மாத். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா, அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை நெவில் வின்சென்ட்.

மனிதர்களும் பின்னணியும்

விமானியின் தோல் தொப்பியில் காதருகே பெரிய ஜிப் வைத்த பை இருந்தால் போரின் முதல் ஆண்டுகள். கறுப்பு ரப்பர் கூடு இருந்தால் 1941-க்குப் பிறகு. சண்டை விமானங்கள் மும்மூன்றாக அம்புமுனை வடிவில் நெருங்கிப் பறந்தால் பெரும்பாலும் 1941-க்கு முன். ஹீத்ரோ படத்தில் பயணிகள் கூடாரங்களுக்குள் காத்திருந்தால் அது 1946-ஐ ஒட்டியது, அப்போது அங்கே வேறு கட்டடமே இல்லை. விமானநிலையத்தை அடையாளம் காணவேண்டுமென்றால், 1919 முதல் 1953 வரை ஏரோஃபில்ம்ஸ் நிறுவனம் வானிலிருந்து எடுத்த படங்கள் 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்' தளத்தில் இருக்கின்றன. கொட்டகைகளின் வரிசையை அதோடு ஒப்பிடலாம்.

இப்போது படக்குறிப்பு

இம்பீரியல் வார் மியூசியத்தின் குறிப்பில் மேலே "ராயல் ஏர் ஃபோர்ஸ் பாம்பர் கமாண்ட், 1942-1945" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அது அந்தத் தொகுதியின் தலைப்பு, உங்கள் படத்தின் தேதி அல்ல. அதைத் தேதியாக எடுத்து எழுதியிருக்கும் பக்கங்கள் ஏராளம். அடுத்த பத்தியைப் படியுங்கள். அச்சுப் பிரதி கையில் இருந்தால் பின்பக்கம் தணிக்கை முத்திரை, பத்திரிகை முத்திரை, பென்சில் தேதி இருக்கும். பத்திரிகை முத்திரையில் இருப்பது வெளியிட்ட நாள், எடுத்த நாள் அதற்கு வெகு முன்னதாக இருக்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்பிட்ஃபயர்கள் மும்மூன்றாக அணிவகுத்துப் பறக்கும் புகழ்பெற்ற படம். பக்கத்தில் டிடபிள்யூ என்ற குறி, அது 610-ஆம் ஸ்குவாட்ரன். ரவுண்டலைச் சுற்றித் தடித்த மஞ்சள் வளையம், ஆகவே 1940 மே-க்குப் பிறகு. வால் பக்கம் ஸ்கை பட்டை இல்லை, ஆகவே நவம்பர் கடைசிக்கு முன். இவ்வளவையும் குறித்த பிறகு படக்குறிப்பைப் பார்த்தால் 1940 ஜூலை 24 என்கிறது. பொருந்துகிறது. சரி, இப்போது நம்பலாம்.

ஆவணத்தோடு ஒட்டிப் பார்ப்பது

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பும் இருக்கிறது. அதில் படிவம் 540 அன்றாட நிகழ்ச்சிச் சுருக்கம். படிவம் 541 ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் சீரியல், குழுவினர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம். எழுதியவரைப் பொறுத்துத் தரம் மாறும். சில அதிகாரிகள் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் எழுதுவார்கள், சிலர் "பறப்பு இல்லை" என்பதோடு சரி. அப்புறம், ஆர்ஏஎஃப் மியூசியத்தில் படிவம் 78 என்ற அட்டைகள் உண்டு. ஒரு விமானம் எந்த ஸ்குவாட்ரனிலிருந்து எங்கே போனது என்று வரிசையாகச் சொல்லும். விபத்துகளுக்குப் படிவம் 1180. சீரியல் முழுமையாகப் படிக்க முடிந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். பாதி எண்ணோடு வந்தால் நாள் முழுக்கப் போகும்.

முடிவை எழுதும்போது ஒரே தேதியாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "1940 மே-க்கும் நவம்பருக்கும் இடையில், ரவுண்டலையும் பட்டையையும் வைத்து" என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்து வருகிறவர் அதைச் சரிபார்க்க முடியும். காப்பகத்தின் பட எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

உரிமை விஷயமும் கேட்பார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் 1957 ஜூன் 1-க்கு முன் எடுத்த படங்களின் காப்புரிமை ஐம்பது ஆண்டுகளில் முடிந்துவிட்டது. செய்தி நிறுவனப் படங்களும் தனியார் ஆல்பங்களும் அப்படி இல்லை, ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். உரிமை முடிந்த படமானாலும், அச்சிடும் தரத்தில் உள்ள பெரிய பிரதிக்குக் காப்பகம் கட்டணம் கேட்கலாம்.